ஊர் மாறும் பிள்ளையும் பிரெஞ்சு அரசு லிசேயும்

(வேலை நிமித்தம் பிரான்சுக்குக் குடிபெயரவிருக்கும் பெற்றோருக்காகப் புதுச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் மாற்றல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். துலூஸ், கிரெனோபிள், பாரிஸ் என்று ஊர்ப் பெயர்கள் வேறு வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: “அங்கே எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?” கூட்டம் தொடங்கும் முன்பே வாசலில் வைத்து நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், பிரான்சில் அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. பிள்ளைக்கு என்ன வயது? எந்த மாதம் போய் இறங்குகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் பள்ளியின் பெயருக்கு வரமுடியும்.

மாற்றல் வந்ததும் நம் வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். முதலில் விசா. பிறகு வீடு. பிறகு இங்குள்ள வீட்டுச் சாமான்களை என்ன செய்வது என்ற கவலை. பள்ளிக்கூடம் கடைசியில் வரும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. பிரான்சில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஆனால் நான் இன்று பேசப்போகும், அரசுப் பள்ளிகளுக்குள் இயங்கும் சர்வதேசப் பிரிவுகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வாங்கப்படுகிறது. நுழைவுத் தேர்வு வசந்த காலத்தில் முடிந்துவிடும். ஏப்ரலில் கடிதம் வந்து ஜூலையில் பெட்டியோடு போய் இறங்குகிற குடும்பம், அந்தப் பள்ளியின் வாசலுக்குப் போகும்போது இடங்கள் நிரம்பியிருக்கும். பிள்ளையிடம் ஒரு குறையும் இருந்திருக்காது. நாட்காட்டி தெரியாமல் போனதுதான் பிழை.

இந்தப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்று சொன்னால்தான் அவற்றின் தேர்வு முறை விளங்கும். அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன்.

1951ஆம் ஆண்டு. நேட்டோ நாடுகளின் கூட்டுப் படைத் தலைமையகம் பாரிசுக்கு மேற்கே ரோக்கான்கூரில் அமைந்தது. முதல் தளபதி ஐசனோவர். பல நாட்டு அதிகாரிகள் மனைவி மக்களோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்காகப் பக்கத்திலுள்ள சான்-ழெர்மான்-ஆன்-லே என்னும் ஊரில் ஒரு குடியிருப்பே எழுந்தது. பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? அமெரிக்கருக்கு ஒன்று, ஆங்கிலேயருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பள்ளிகள் கட்டியிருக்கலாம். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1952இல் திறந்தது ஒரே ஒரு பள்ளி. என்மோன் மாளிகை என்று ஒரு பெரிய பழைய வீடு, அதைச் சுற்றி மரங்கள் அடர்ந்த வளாகம். அங்கே அது வளர்ந்தது. முதல் தலைமையாசிரியர் ரெனே தலார்.

அவர் வகுத்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சுப் பாடத்திட்டத்தைப் படிப்பார்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பிரிந்து அவரவர் நாட்டுப் பிரிவுக்குப் போவார்கள். அங்கே அவரவர் மொழியும் இலக்கியமும் வரலாறும், அந்த நாட்டு ஆசிரியரிடமே. மணி அடித்ததும் திரும்பி வந்து பழைய பெஞ்சில் பக்கத்துப் பிள்ளையோடு உட்காருவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஜெர்மன் பிரிவும் அங்கே வந்தது. தகப்பன்மார் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இதைச் சாதாரண ஏற்பாடாக நான் நினைக்கவில்லை. கல்வி வரலாற்றில் அரிய செயல் என்றே சொல்வேன்.

1966இல் பிரெஞ்சு அதிபர் தெகோல் அந்தக் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்டார். மறு ஆண்டு தலைமையகம் பெல்ஜியத்துக்குப் போய்விட்டது. அதிகாரிகளும் போனார்கள். பள்ளிக்கூடம் நின்றது. இன்று அங்கே அமெரிக்கப் பிரிவு முதல் ஜப்பானியப் பிரிவு, போலந்துப் பிரிவு வரை பத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. அரசுப் பள்ளி அது. பிரெஞ்சு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம்.

1981 மே மாதம் வந்த அரசாணை இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. அந்த ஆணை சர்வதேசப் பிரிவுகளுக்கு மூன்று நோக்கங்களைச் சொல்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை பிரெஞ்சுக் கல்விக்குள் நுழைய வழி செய்வதோடு, அது தன் நாட்டுக்குத் திரும்பிப் போகவேண்டி வந்தால் அதற்கும் வழி திறந்து வைப்பது. பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒரு வெளிமொழியை ஆழமாகக் கற்பது. இரண்டு நாட்டுப் பண்பாடும் கைமாறுவது. முதல் நோக்கத்தின் இரண்டாம் பாதியைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பிப் போகும் வழி. வந்த பிள்ளை போகவும் கூடும் என்று எண்ணி ஒரு அரசாங்கம் பள்ளி நடத்துகிறது. ஊர் மாறும் பிள்ளைக்கென்றே போட்ட பாதை இது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். உங்கள் பிள்ளையை அந்தப் பாதைக்கு உரிய பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய பள்ளியின் பெயரைத் தேடிப் போகாதீர்கள்.

பிரான்சின் வரைபடத்தை விரித்தால் இந்தப் பள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது ஒரு பாடம். ஆராய்ச்சிக்கூடமோ பெருந்தொழிலோ எங்கே போனதோ, அங்கே பள்ளிக்கூடம் பின்னாலேயே போயிருக்கிறது. ஜெனீவா எல்லையில் செர்ன் ஆய்வகம் இருக்கிறது; எல்லைக்குப் பிரெஞ்சுப் பக்கம் ஃபெர்னே-வொல்தேரில் சர்வதேச லிசே, அதாவது மேல்நிலைப் பள்ளி, இருக்கிறது. துலூசை ஒட்டி விமானத் தொழில். பக்கத்துக் கொலோமியேயில் விக்தோர் உய்கோ பெயரில் லிசே. கிரெனோபிளில் நியூட்ரான், சின்க்ரோட்ரான் ஆய்வுக்கூடங்கள், அங்கே ஒன்று. நீஸ் நகருக்கு அருகே 1969இல் தொடங்கிய சோஃபியா-ஆந்திபோலிஸ் தொழில்நுட்ப நகரம். அதற்குள் வால்போன் பள்ளி, விடுதியோடு. ஸ்திராஸ்பூரில் ஐரோப்பிய அவைகள், அங்கேயும் உண்டு. லியோனில், ழெர்லான் பகுதியில், 1990களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய வளாகம். பாரிஸ் நகருக்குள் பல்சாக் லிசே. அண்மையில் 2021இல் பலேசோவிலும், 2024இல் மர்செயிலும் புதிதாகத் திறந்திருக்கிறார்கள்.

மனோஸ்க் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நம் நாட்டுக்கும் பங்கிருக்கிறது. தெற்கே கதராஷில் ஈட்டர் என்னும் அணுப்பிணைவு உலை கட்டப்படுகிறது. 2006இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஒரு தரப்பு. உலையைச் சூழ்ந்து நிற்கும் பிரமாண்டமான குளிர்கலத்தின் பாகங்கள் குஜராத்தில் செய்து கப்பலேற்றப்பட்டவை. உலை கட்டுகிறவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே! 2007இல் அருகிலுள்ள மனோஸ்க் என்ற சிறிய ஊரில் சர்வதேசப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். ஜப்பானிய மொழியும் சீன மொழியும் ஆங்கிலமும் அங்கே பிரெஞ்சோடு பாடமொழிகளாயின. திராட்சையும் ஒலிவமும் விளையும் ஒரு சிற்றூரில், பல நாட்டுப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். இடம்பெயரும் குடும்பத்துக்கு ஒரு அரசாங்கம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு மனோஸ்க்தான்.

சரி, அரசுப் பள்ளியில் ஏன் நுழைவுத் தேர்வு? நியாயமான கேள்வி. கல்வி அமைச்சர் ழூல் ஃபெரி 1881இல் ஆரம்பப் பள்ளியைக் கட்டணமற்றதாக்கினார், 1882இல் கட்டாயமாக்கினார். 1963இல் வந்த பள்ளி வரைபட முறைப்படி, பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறதோ அதற்குரிய பள்ளிக்குத்தான் போகவேண்டும். 1975இல் பதினோரு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே வகைக் கொலேஜ், அதாவது நடுநிலைப் பள்ளி, என்று சட்டம் வந்தது. ஆகவே அந்த வயதில் தேர்வு வைத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பிரான்சின் இயல்புக்கு மாறானது, விதிவிலக்கு. இந்தப் பிரிவுகளுக்கு அந்த விதிவிலக்கைக் கொடுத்ததற்குக் காரணம் மொழி. வாரத்தில் நாலு மணி நேரமாவது வெளிமொழி இலக்கியம், வரலாறு-புவியியலில் பாதி அதே மொழியில் என்றால், அந்த மொழியை ஏற்கெனவே பேசி எழுதும் பிள்ளைதான் ஈடுகொடுக்க முடியும்.

இந்தக் காரணம் சரி. ஆனால் காலப்போக்கில் நடந்தது முழுக்கச் சரியென்று சொல்லமாட்டேன். வீட்டில் இரண்டு மொழி வளர்க்க வசதியுள்ள குடும்பங்கள், தங்கள் தெருவுக்குரிய கொலேஜைத் தவிர்க்க இந்த வாசலைப் பயன்படுத்துகின்றன. 2022இல் கல்வி அமைச்சு ஒவ்வொரு பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளின் குடும்பச் சமூக நிலையை எண்ணால் குறித்து வெளியிட்டபோது, இந்தப் பள்ளிகள் வசதி மிகுந்த வரிசையில் நின்றன. ஊர் மாறி வந்த பிள்ளைக்காகக் கட்டிய பந்தலில் உள்ளூர்ப் பணக்காரப் பிள்ளை இடம் பிடிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் பிள்ளைக்கு அங்கே உரிமையுண்டு. தயங்காமல் கேளுங்கள்.

தேர்வில் என்ன இருக்கும்? பள்ளிக்குப் பள்ளி மாறும். பொதுவாக மூன்று பகுதி. கடந்த ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்களையும் ஆசிரியர்களின் குறிப்புகளையும் பார்ப்பார்கள். பிரிவு மொழியில் எழுத்துத் தேர்வு வைப்பார்கள். நேரில் பேசவைப்பார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலப் பிரிவுக்குத்தான் விண்ணப்பிப்பார்கள். இந்திய மொழி எதற்கும் சர்வதேசப் பிரிவு இல்லை. ஆங்கில வழியில் படித்தவர்கள்தானே, எளிது என்று நினைப்பீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பள்ளிகளில் ஆங்கிலம் என்பது பெரும்பாலும் பாடப்புத்தகக் கேள்விக்கு விடை எழுதுவது. அங்கே ஒரு கதைப்பகுதியைக் கொடுத்து, ‘இந்தச் சிறுவன் ஏன் பொய் சொன்னான் என்று நினைக்கிறாய்?’ என்பது போலக் கேட்பார்கள். புத்தகத்தில் விடை இருக்காது. பிள்ளை யோசித்துத் தன் வாயால் சொல்லவேண்டும். மேல் வகுப்பில் ஷேக்ஸ்பியரை மூலத்தில் படிக்கப்போகிற பிள்ளையைத் தேடுகிறார்கள். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கித் தருவதைவிட, ஆறு மாதம் நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்து இரவுச் சாப்பாட்டின்போது அவற்றைப் பற்றிப் பேசுங்கள்.

பிரெஞ்சே தெரியாவிட்டால்? பலரும் அந்த இடத்தில் மனம் தளர்ந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. புதிதாக வரும் பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருக்கலாம் என்று இந்தப் பள்ளிகள் அறியும். சான்-ழெர்மானில் அதற்கென்றே தனி வகுப்பு உண்டு. பெரும்பகுதி நேரம் பிரெஞ்சு கற்பித்து, பிறகு பொது வகுப்பில் கலந்துவிடுவார்கள். இடங்கள் குறைவுதான். ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகளில் அக்காவுக்குக் கிடைத்துத் தம்பிக்குக் கிடைக்காமலும் போகும், ஏனென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் இடம் தனித்தனி.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரிசில் தனியார் சர்வதேசப் பள்ளியில் மேல்வகுப்புக்கு ஆண்டுக்கு 20,000 யூரோவுக்கு மேல் போகும். அரசு லிசேயில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆங்கில மொழிப் பிரிவுகள் பலவற்றைப் பெற்றோர் சங்கங்கள் நடத்துகின்றன. அவை தங்கள் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரக் கட்டணம் வாங்கும், சில இடங்களில் ஆயிரக்கணக்கான யூரோ. ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகள் தங்கள் பிரிவுக்குத் தாங்களே ஆசிரியர் அனுப்பும் வழக்கமுண்டு. உங்கள் நிறுவனத்தோடு மாற்றல் பேசும்போது இந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வயது. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்.

பிரான்சில் வகுப்புகள் இறங்குமுகமாக எண்ணப்படும். பதினோரு வயதில் கொலேஜின் முதல் வகுப்புக்குப் பெயர் ‘ஆறாவது’. பிறகு ஐந்து, நான்கு, மூன்று. மூன்றாவது முடிவில் ‘பிரெவே’ தேர்வு. பின்பு லிசே: இரண்டாவது, முதலாவது, கடைசி வகுப்பான ‘தெர்மினால்’. அதன் முடிவில் பக்கலோரியா, சுருக்கமாக ‘பாக்’. 1808இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கிய தேர்வு. சர்வதேசப் பிரிவுப் பிள்ளைகள் எழுதும் பாக் புதிய வடிவில் ‘பிரெஞ்சு சர்வதேசப் பக்கலோரியா’ என்ற பெயரோடு 2024 முதல் நடக்கிறது.

பதினோரு வயதில் போகிற பிள்ளை பாக்கியசாலி. ஆறாவதில் எல்லாப் பிள்ளைகளுமே புதிய பள்ளிக்கு வந்தவர்கள்தாம். இடமும் அதிகம். ஒன்றரை ஆண்டில் பிரெஞ்சு நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாடு அதிகம், ஆனால் முடியும். பதினைந்தில் லிசே தொடங்கும்போது நுழைவது கடைசி நல்ல வாய்ப்பு.

பதினாறு வயதில், நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பில், பிரெஞ்சே தெரியாமல் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரிய ஆபத்து. ‘முதலாவது’ வகுப்பு முடியும்போதே பிரெஞ்சு இலக்கியத்தில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் பாக் கணக்கில் சேர்கின்றன. ஒரு கவிதையை எடுத்து அதன் ஓசை, உருவம், பொருள் எல்லாவற்றையும் பிரித்து நாலு மணி நேரம் எழுதவேண்டும். அடுத்த ஆண்டு தத்துவம் கட்டாயப் பாடம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அங்கே வாயடைத்து உட்காரும். அப்படி உட்கார்ந்த பிள்ளையின் மனம் எவ்வளவு புண்படும் என்று யோசியுங்கள். இரண்டு ஆண்டு மாற்றல்தான், பிள்ளை பதினொன்றாம் வகுப்பு என்றால், ஆங்கில வழியிலேயே பள்ளிப் படிப்பை முடிக்கும் ஏற்பாட்டைத் தேடுங்கள். அல்லது தாத்தா பாட்டியிடம் விட்டு இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வையுங்கள். பிரிந்திருப்பது கடினம்தான். தோற்றுத் திரும்புவது அதைவிடக் கடினம்.

மதிப்பெண்ணைப் பற்றியும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதல் மூன்று மாதத்தில் வீட்டில் அழுகை கேட்கும். அங்கே எல்லாம் இருபதுக்கு. பத்து வாங்கினால் தேர்ச்சி. பாக் தேர்வில் பன்னிரண்டு ‘பரவாயில்லை’ என்ற தகுதி, பதினான்கு ‘நன்று’, பதினாறு ‘மிக நன்று’. பதின்மூன்று வாங்கிய பிள்ளை அங்கே தலைநிமிர்ந்து நடக்கும். நம் வீட்டில் அதை நூற்றுக்கு அறுபத்தைந்து என்று கணக்குப் போட்டு, “ஏண்டா இப்படிப் போச்சு?” என்று கேட்டுவிடுகிறோம். கேட்காதீர்கள். பிரெஞ்சு ஆசிரியர் இருபதுக்கு இருபது இலேசில் தருவதில்லை. எண்ணைவிடப் பக்கத்தில் அவர் எழுதும் ஒற்றை வரியைப் படியுங்கள். வகுப்பு ஆசிரியர் மன்றம் மூன்று மாதத்துக்கொருமுறை கூடிப் பேசுவதும், மேல் வகுப்புக்கு என்ன பாதை என்று முடிவு சொல்வதும் அந்த வரிகளை வைத்துத்தான். வகுப்பில் கைதூக்கிப் பேசாத பிள்ளைக்கு ‘பங்கேற்பு போதாது’ என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகளை அடக்கமாக உட்காரச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அங்கே அந்த அடக்கத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதைப் பிள்ளையிடம் அன்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

வரலாற்று வகுப்பைப் பற்றி ஒரு சொல். சர்வதேசப் பிரிவில் வரலாறு இரண்டு ஆசிரியர்களால், இரண்டு மொழிகளில் நடத்தப்படுகிறது. ஒரே காலகட்டத்தைப் பிரெஞ்சு ஆசிரியர் ஒரு விதமாகவும், வெளிநாட்டு ஆசிரியர் வேறு ஆவணங்களை வைத்து வேறு விதமாகவும் தொடங்குவார்கள். காலனி ஆட்சி என்ற பாடம் வரும்போது நம் பிள்ளை அங்கே வெறும் மாணவன் இல்லை, மூன்றாவது சாட்சி. புதுச்சேரிப் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். வாய் திறந்து பேசட்டும். இந்தப் பள்ளிகளின் உண்மையான செல்வம் அந்த ஒரு மணி நேரம் என்று நான் கருதுகிறேன்.

இதுவரை தேர்வு வைக்கும் வாசலைப் பற்றிப் பேசினேன். பிரான்சில் இன்னொரு வாசல் உண்டு. அதற்குத் தேர்வு கிடையாது, அதை மூடவும் முடியாது.

பிரான்சில் மூன்று வயது முதல் பதினாறு வரை கல்வி கட்டாயம். பெற்றோரின் தங்கும் அனுமதி ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பள்ளி கேட்கக்கூடாது. குடியிருக்கும் தெருவுக்குரிய கொலேஜ் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். மொழி தெரியாமல் வந்த பிள்ளைகளுக்காகப் பல கொலேஜ்களிலும் லிசேக்களிலும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘UPE2A’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். 2012ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதன் இன்றைய வடிவத்தை வகுத்தது. நடுநிலை, மேல்நிலை வகுப்புகளில் வாரத்துக்குக் குறைந்தது 12 மணி நேரம் பிரெஞ்சு கற்பிக்கவேண்டும். மற்ற நேரம் கணக்குக்கும் விளையாட்டுக்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு பொது வகுப்பில். சேர்க்கும் முன் பிள்ளை முன்பு படித்த மொழியில் அதன் திறமையையும் கணக்கையும் சோதித்து எந்த வகுப்பு என்று முடிவு செய்வதற்குத் தனி அலுவலகம் ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் இருக்கிறது.

சர்வதேசப் பிரிவில் இடம் கிடைக்காத பெற்றோர் இந்த வகுப்பைத் தோல்வி என்று எண்ணி வெட்கப்படுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை. பாரிசில் லா ஷாப்பெல் பகுதிக்கு நீங்கள் போவீர்கள். மளிகை வாங்கவும் கோவில் திருவிழா பார்க்கவும் போகாத தமிழர் இல்லை. போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், புதிதாய் வந்த பிள்ளைகளுக்கான வகுப்புகளில்தான் பிரெஞ்சு படித்தார்கள். அவர்களுக்கு நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்ய நிறுவனமும் இல்லை, முன்கூட்டி எழுதிய விண்ணப்பமும் இல்லை. இன்று அவர்கள் பிரெஞ்சு மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். உங்களுக்கு அந்த வாசல் போதாது என்று நினைக்குமுன் அவர்களை நினையுங்கள். பிரெஞ்சு மட்டும் வேகமாக வரவேண்டும் என்றால், ஆங்கிலத்தில் சாய்ந்துகொள்ள இடமில்லாத சாதாரணக் கொலேஜே சில பிள்ளைகளுக்குச் சிறந்த பள்ளி. மூன்று ஆண்டுக்கு மேல் தங்கப்போகிறவர்கள் இதை நிதானமாக யோசிக்கவேண்டும். இரண்டே ஆண்டில் திரும்புகிறவர்களுக்குத்தான் சர்வதேசப் பிரிவு உண்மையில் தேவை, ஏனென்றால் அது திரும்பும் மொழியைக் காப்பாற்றித் தருகிறது.

திரும்பும்போது சான்றிதழ் செல்லுமா என்ற கவலை வேண்டாம். 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன.

வீட்டில் பேசும் மொழியைப் பற்றியும் ஒரு சொல். சில ஆசிரியர்கள் உங்களிடம், “வீட்டில் பிரெஞ்சே பேசுங்கள்” என்று நல்ல எண்ணத்தோடு சொல்லலாம். கேட்காதீர்கள். உங்கள் பிரெஞ்சு தட்டுத்தடுமாறும். பிள்ளை உங்களிடமிருந்து தடுமாற்றத்தைத்தான் கற்கும். ஆங்கிலத்துக்குப் பள்ளியில் பிரிவு இருக்கிறது, பிரெஞ்சுக்கு நாடே இருக்கிறது. தமிழுக்கு அங்கே உங்கள் சமையலறை மட்டும்தான் பள்ளிக்கூடம். முன்பு பாக் தேர்வில் தமிழை விருப்பப் பாடமாக எழுத வழியிருந்தது. புதுச்சேரிப் பிள்ளைகளும் ஈழத்துப் பிள்ளைகளும் எழுதினார்கள். தாய்மொழியில் வாக்கியத்தை முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி சீக்கிரம் வரும்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். கடந்த இரண்டு, மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல்களை ஆசிரியர் குறிப்புகளோடு இந்த வாரமே பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் ஆக்குங்கள். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ் கூடவே இருக்கட்டும். மாற்றல் உறுதியாகாவிட்டாலும், போகக்கூடிய ஊரின் சர்வதேசப் பிரிவுக்கு எழுதுங்கள். தாமதமாக வரும் குடும்பங்களுக்குக் கோடையில் மறுதேர்வு உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் வைப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தத் தெருவுக்குரிய கொலேஜ் எது, அங்கே புதிதாய் வந்தவர்களுக்கான பிரிவு இருக்கிறதா என்று நகராட்சியிடமும் கல்வி அலுவலகத்திடமும் கேட்டுவிடுங்கள். சர்வதேசப் பிரிவில் இடம் கிடைக்காவிட்டால், வருகிற செப்டம்பரில் உங்கள் பிள்ளை போய் நிற்கப்போகிற பள்ளி அதுதான்.